ஆறாவது அமினோ அமிலம்

மனிதனின் 11-ஆம் குரோமோசோமில், அதன் குட்டைக் கையில், ஏறக்குறைய 1,600 எழுத்து நீளத்தில் ஒரு மரபணு இருக்கிறது. ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினின் ஒரு பாதி பீட்டா குளோபின் என்ற புரதம். அதைச் செய்யும் வழி இந்த மரபணுவில்தான் எழுதியிருக்கிறது. புரதத்துக்கான வாசகம் இப்படித் தொடங்கும்: ஏடிஜி, ஜிடிஜி, சிஏடி, சிடிஜி, ஏசிடி, சிசிடி, ஜிஏஜி, ஜிஏஜி. கடைசியில் இரண்டு ஜிஏஜி அடுத்தடுத்து நிற்கின்றன. அவற்றில் முதலாவதின் நடுவே உள்ள ஏ, சிலருக்கு டி ஆக இருக்கும். தாய், தந்தை இருவரிடமிருந்தும் அப்படிப்பட்ட பிரதியே வந்து சேர்ந்தால் அந்தக் குழந்தைக்கு அரிவாள் செல் சோகை உண்டாகும். மருத்துவமனையில் சிக்கிள் செல் என்று சொல்வார்களே, அதே நோய்தான்.

உட்கருவுள்ள நம் உடல் செல் ஒவ்வொன்றிலும் சுமார் 600 கோடி எழுத்து இணைகள் உள்ளன. அத்தனையிலும் இந்த ஓர் இடம் இரு பிரதிகளிலும் மாறினால் போதும், மூட்டுகளிலும் முதுகிலும் மார்பிலும் தாங்கமுடியாத வலி வந்து வந்து போகும் ஒரு வாழ்க்கை அமைந்துவிடுகிறது. டி.என்.ஏ. எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது, எப்படிப் பிரதியாகிறது, அதிலிருந்து புரதம் எப்படி உருவாகிறது என்ற மூன்று கேள்விகளையும் இந்த எழுத்தைப் பின்தொடர்ந்தே பார்த்துவிடலாம். பள்ளிப் பாடப்புத்தகம் இவற்றை மூன்று தனிப் பாடங்களாகப் பிரித்து வைத்திருக்கிறது. ஒரே எழுத்தைப் பிடித்துக்கொண்டு நடந்தால்தான் மூன்றுக்கும் பொதுவான குணம் ஒன்று தெரியவரும். செல்லின் இயந்திரங்கள் பொருத்தம் பார்க்கும், பொருள் பார்க்காது.

இந்த நோய் வேறெங்கோ இருப்பதல்ல. இந்தியாவில் இது முதன்முதலாகக் கண்டறியப்பட்டதே நீலகிரியில்தான். 1952-இல் லேமன், கட்புஷ் என்ற இரு ஆய்வாளர்கள் அங்குள்ள பழங்குடி மக்களின் ரத்தத்தில் இதைக் கண்டு பதிவு செய்தார்கள். அதற்கு வெகு முன்பே, 1910-இல், சிகாகோ மருத்துவர் ஜேம்ஸ் ஹெரிக் கிரெனடா தீவிலிருந்து படிக்க வந்த ஒரு மாணவரின் ரத்தத்தில் நீண்டு வளைந்த சிவப்பணுக்களைப் பார்த்து எழுதியிருந்தார். ஆனால் வளைந்திருப்பது செல்லா, செல்லுக்குள் இருக்கும் ஏதோ ஒன்றா என்பது நாற்பது ஆண்டுகள் தெரியாமலே இருந்தது. 1949-இல் லைனஸ் பாலிங்கும் அவருடைய குழுவினரும் நோயாளிகளின் ஹீமோகுளோபினையும் மற்றவர்களுடையதையும் மின்புலத்தில் ஓடவிட்டார்கள். இரண்டும் வேறு வேறு வேகத்தில் நகர்ந்தன. அப்படியானால் மாறியிருப்பது மூலக்கூறுதான். நோய் ஒன்றை மூலக்கூறின் நோய் என்று பெயரிட்டு அழைத்த முதல் ஆய்வுக்கட்டுரை அவர்களுடையது.

மூலக்கூறில் எந்த இடம்? இதைக் கண்டுபிடித்த விதத்தைச் சற்று நின்று பார்க்கவேண்டும். கேம்பிரிட்ஜில் வெர்னான் இங்கிரம் என்ற வேதியியலாளர் இருந்தார். ஹீமோகுளோபினில் மொத்தம் 574 அமினோ அமிலங்கள். இவற்றை ஒவ்வொன்றாக வரிசைப்படுத்தும் வசதி அன்று அவரிடம் இல்லை. அதனால் ட்ரிப்சின் என்ற செரிமான நொதியைக் கொண்டு புரதத்தை முப்பதுக்குச் சற்றுக் குறைவான துண்டுகளாக வெட்டினார். அந்தக் கரைசலை ஒரு வடிதாளின் ஓரத்தில் வைத்து, ஒரு திசையில் மின்சாரத்தாலும் அதற்குக் குறுக்கே கரைப்பானாலும் பரவவிட்டார். பிறகு நின்ஹைட்ரின் தெளித்துச் சூடாக்கியதும் தாளெங்கும் ஊதா நிறப் புள்ளிகள் எழுந்தன. நோயாளியின் தாளையும் மற்றவரின் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எல்லாப் புள்ளிகளும் ஒத்துப்போயின, ஒன்றே ஒன்றைத் தவிர. இடம் மாறிய அந்த ஒரு புள்ளியை வெட்டியெடுத்து அதற்குள் இருந்த அமினோ அமிலங்களை மட்டும் வரிசைப்படுத்தினார். குளுட்டாமிக் அமிலம் இருக்கவேண்டிய இடத்தில் வேலீன் இருந்தது. 1957-இல் இது உறுதியாயிற்று. டி.என்.ஏ.வின் எழுத்துகளை நேரடியாகப் படிக்கும் முறைகள் பரவலாக அதற்குப் பின் இருபது ஆண்டுகள் ஆயின. தாளும் ஊதாப் புள்ளிகளும் வைத்துக்கொண்டு, ஒரு மரபணு மாற்றம் புரதத்தில் ஒரே ஓர் அமினோ அமிலத்தை மாற்றுகிறது என்று காட்டியதை உயிரியலின் மிக அழகான சோதனைகளில் ஒன்றாக நான் மதிக்கிறேன்.

இனி அந்த எழுத்திடம் போவோம்.

டி.என்.ஏ. இரண்டு இழைகளால் ஆனது. ஒவ்வொரு இழையின் வெளிப்புறமும் சர்க்கரை, பாஸ்பேட், சர்க்கரை, பாஸ்பேட் என்று மாறாமல் ஓடும். எங்கே எடுத்துப் பார்த்தாலும் வெளிப்புறம் ஒன்றுபோலவே இருக்கும். வேறுபாடெல்லாம் உட்புறத்தில்தான். அடினின், தைமின், குவானின், சைட்டோசின் என்ற நான்கு தட்டையான காரங்கள் அங்கே எதிரெதிரே நிற்கின்றன. இவற்றின் ஆங்கில முதலெழுத்துகளே நாம் மேலே பார்த்த ஏ, டி, ஜி, சி. அடினினும் குவானினும் பெரியவை. தைமினும் சைட்டோசினும் சிறியவை. ஏ எதிரே டி, ஜி எதிரே சி என்று எப்போதும் ஒரு பெரியது ஒரு சிறியதோடுதான் சேரும். அதனால் முறுக்கு நெடுகிலும் அகலம் மாறுவதில்லை, எங்கும் 2 நானோமீட்டர்தான். ஏ-டி இணையை இரண்டு ஹைட்ரஜன் பிணைப்புகளும், ஜி-சி இணையை மூன்றும் பிடித்து வைத்திருக்கின்றன. ஓர் இழை மேலே போகும் திசைக்கு நேர் எதிர்த்திசையில் மற்றது இறங்கும்.

இந்த வடிவத்தை வாட்சனும் கிரிக்கும் 1953 ஏப்ரல் 25 தேதியிட்ட நேச்சர் இதழில் வெளியிட்டார்கள். அதற்கு ஆதாரமாக நின்றவற்றில் முக்கியமானவை லண்டன் கிங்ஸ் கல்லூரியில் ரோசலிண்ட் பிராங்க்ளின் செய்த எக்ஸ்-கதிர் ஆய்வுகள். அவருடைய மேற்பார்வையில் ரேமண்ட் கோஸ்லிங் 1952-இல் எடுத்த படம் ஒன்றை அதே கல்லூரியில் இருந்த வில்கின்ஸ், பிராங்க்ளினுக்குத் தெரியாமலே வாட்சனுக்குக் காட்டினார். வாட்சன், கிரிக், வில்கின்ஸ் மூவருக்கும் 1962-இல் நோபல் பரிசு கிடைத்தது. பிராங்க்ளின் 1958-லேயே, 37 வயதில், புற்றுநோயால் இறந்துவிட்டார். இந்த வடிவத்தைப் பற்றிப் பேசும் எந்தப் புத்தகமும் அவர் பெயரை அடிக்குறிப்பில் வைத்துவிட்டு நகரக்கூடாது.

நம் ஜிஏஜி, ஜிடிஜி ஆனால் இந்த முறுக்கில் என்ன மாறும்? ஏ இருந்த இடத்துக்கு டி வரும், எதிரே டி இருந்த இடத்துக்கு ஏ வரும். அகலம் அதே 2 நானோமீட்டர். ஹைட்ரஜன் பிணைப்பு அதே இரண்டு. மாறிய டி.என்.ஏ. எந்த வகையிலும் பழுதான டி.என்.ஏ. அல்ல, மற்றதைப் போலவே உறுதியானது, ஒழுங்கானது. இதை மனதில் வைத்துக்கொண்டால்தான் அடுத்து நடப்பது விளங்கும்.

செல் இரண்டாகப் பிரியும் முன் 600 கோடி இணைகளும் இரட்டிப்பாகவேண்டும். ஹெலிகேஸ் என்ற நொதி இழைகளைப் பிரித்துக்கொண்டே போகும். பிரிந்த ஒவ்வொரு பழைய இழையின் எதிரிலும் டி.என்.ஏ. பாலிமரேஸ் புதிய இழையைக் கட்டும். இப்படிப் பிறக்கும் இரண்டு பிரதிகளிலும் ஓர் இழை பழையது, ஓர் இழை புதியது. மெசல்சனும் ஸ்டாலும் 1958-இல் கனமான நைட்ரஜனில் வளர்த்த ஈ.கோலை பாக்டீரியாவைச் சாதாரண நைட்ரஜனுக்கு மாற்றி இதை மெய்ப்பித்தார்கள். ஒரு தலைமுறை கழித்து எடுத்த டி.என்.ஏ. முழுக் கனமாகவும் இல்லை, முழு லேசாகவும் இல்லை. சரியாக நடுவில் நின்றது.

பாலிமரேஸ் ஒரு திசையில் மட்டுமே கட்டும். இழைகளோ எதிரெதிர்த் திசையில் ஓடுகின்றன. ஆகவே ஓர் இழை தொடர்ச்சியாக வளர, மற்றது சிறுசிறு துண்டுகளாகக் கட்டப்பட்டுப் பிறகு இணைக்கப்படுகிறது. ஜப்பானின் நகோயாவில் ரெய்ஜி, சுனெகோ ஒகாசாகி தம்பதியர் 1960-களில் கண்டறிந்த இந்தத் துண்டுகளுக்கு அவர்களுடைய பெயரே நிலைத்துவிட்டது. மனித செல்லில் பாலிமரேஸ் நொடிக்கு சுமார் ஐம்பது எழுத்துகள் கட்டுகிறது. ஒரு முனையில் தொடங்கி மறுமுனை வரை அந்த வேகத்தில் போனால் காலம் போதாது என்பதால், ஆயிரக்கணக்கான இடங்களில் ஒரே நேரத்தில் வேலை தொடங்கிச் சில மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது.

பிழைகள்? பாலிமரேஸ் தன் பிடிக்குள் வரும் இணையின் வடிவத்தைப் பார்க்கிறது. ஏ-டி, ஜி-சி இணைகளின் அளவும் கோணமும் அந்தப் பிடிக்குள் கச்சிதமாக அமரும். ஏ எதிரே சி வந்தால் அமராது. அப்படியும் லட்சத்துக்கு ஒன்று போலத் தவறானது உள்ளே புகுந்துவிடும். உடனே அதே நொதி ஒரு படி பின்வாங்கி அதை வெட்டியெறிந்துவிட்டு மறுபடி கட்டும். அதையும் தாண்டித் தப்பிப்பவற்றைப் பிடிக்க வேறொரு புரதக் கூட்டம் பின்னாலேயே வருகிறது. புதிய இழை எங்கே புடைத்திருக்கிறது, எங்கே நெளிந்திருக்கிறது என்று பார்த்து அந்தப் பகுதியை அகற்றிச் சரிசெய்யும். பால் மோட்ரிச் 2015-இல் நோபல் பரிசு பெற்றது இந்தப் பொருந்தா இணைத் திருத்தத்தை விளக்கியதற்காக. மூன்று கட்டமும் முடிந்தபின் மிஞ்சும் பிழை நூறு கோடி எழுத்துக்கு ஒன்று, அல்லது அதிலும் குறைவு.

இந்தத் திருத்தம் முழுவதும் இரண்டு இழைகளையும் ஒப்பிட்டு நடப்பது. அவை ஒன்றோடொன்று முரண்படும்வரை மட்டுமே பிழை என்று ஒன்று உண்டு. பிடிபடாமல் அடுத்த சுற்றுப் பிரதிக்குப் போய்விட்டால், மாறிய எழுத்தின் எதிரே அதற்கு ஏற்ற துணை வந்து உட்கார்ந்துவிடும். இரண்டு இழையும் ஒத்துப்போகும். எங்கும் புடைப்பு இல்லை, நெளிவு இல்லை. அதற்குப் பிறகு அந்த எழுத்தைப் பிழை என்று அறிய செல்லிடம் எந்த வழியும் கிடையாது.

பீட்டா குளோபின் மரபணுவில் அப்படித்தான் நடந்தது. ஏ டி-யான அந்த மாற்றம் ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் எப்போதோ நேர்ந்தது. அதன்பின் தலைமுறை தலைமுறையாக, எத்தனையோ செல் பிரிவுகளில், அது துளியும் மாறாமல் பிரதியாகிக்கொண்டு வருகிறது. இன்று இந்த நோயோடு பிறக்கும் குழந்தையின் உடலில் டி.என்.ஏ. பிரதியெடுப்பு தவறிவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது மிகத் துல்லியமாக நடந்ததால்தான் அந்த எழுத்து இந்தக் குழந்தை வரைக்கும் வந்திருக்கிறது. அது இத்தனை பேரிடம் பரவியதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஒரு பிரதி மட்டும் மாறியிருப்பவர்களை மலேரியா கடுமையாகத் தாக்குவதில்லை என்று அந்தோனி ஆலிசன் 1954-இல் காட்டினார். மலேரியா மிகுந்த காட்டுப் பகுதிகளில் அவர்கள் பிழைத்திருந்து பிள்ளை பெற்றார்கள்.

இனி மூன்றாவது கேள்வி, புரதம். எலும்பு மஜ்ஜையில் நொடிக்கு இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட சிவப்பணுக்கள் உருவாகின்றன. நம் மரபணு தோலிலும் இருக்கிறது, மூளையிலும் இருக்கிறது. அங்கெல்லாம் அது வாசிக்கப்படுவதில்லை. சிவப்பணுவாகப் போகும் செல்களில் மட்டும் ஆர்.என்.ஏ. பாலிமரேஸ் அதன்மேல் ஏறி, ஓர் இழையை அச்சாகக் கொண்டு ஆர்.என்.ஏ. பிரதியை எடுக்கிறது. ஆர்.என்.ஏ.வில் தைமினுக்குப் பதில் யுராசில் இருப்பதால் ஜிடிஜி அங்கே ஜியுஜி ஆகும். முதலில் வரும் பிரதி நேரடியாகப் பயன்படாது. அதில் புரதத்துக்கு வேண்டிய மூன்று பகுதிகளுக்கு நடுவே வேண்டாத இரண்டு பகுதிகள் கிடக்கும். இன்ட்ரான் எனப்படும் அந்த இரண்டையும் வெட்டி நீக்கி, மிஞ்சிய மூன்றையும் ஒட்டிய பிறகே தூது ஆர்.என்.ஏ. உட்கருவை விட்டு வெளியேறுகிறது. பின்னர் அந்தச் செல் தன் உட்கருவையே வெளியே தள்ளிவிடும். மூல ஏடு போய்விட்டாலும், ஏற்கெனவே எடுத்து வைத்த தூது ஆர்.என்.ஏ.வைக் கொண்டு இன்னும் ஓரிரு நாள் ஹீமோகுளோபின் செய்துகொண்டே இருக்கும். முழு வளர்ச்சி பெற்ற ஒரு சிவப்பணுவில் சுமார் 27 கோடி ஹீமோகுளோபின் மூலக்கூறுகள் நிறைந்திருக்கின்றன.

மும்மூன்று எழுத்தாகப் படிக்கவேண்டும் என்பதும், எந்த மூன்றுக்கு எந்த அமினோ அமிலம் என்பதும் 1960-களில் தெளிவாயின. 1961-இல் அமெரிக்காவின் பெத்தெஸ்டாவில் நிரென்பர்க்கும் மத்தேயியும் யுராசில் மட்டுமே உள்ள ஆர்.என்.ஏ.வைப் பாக்டீரியாச் சாற்றில் இட்டார்கள். ஃபினைல் அலனின் என்ற ஒரே அமினோ அமிலத்தாலான சங்கிலி வெளிவந்தது. யுயுயு என்றால் ஃபினைல் அலனின்! மற்றவற்றை அவிழ்க்க, விரும்பிய வரிசையில் எழுத்துகளைக் கோக்கும் வேதியியல் தேவைப்பட்டது. அதைச் செய்தவர் பஞ்சாப் கிராமம் ஒன்றில் பிறந்த ஹர் கோவிந்த் குரானா. 64 மூவெழுத்துகளில் 61 அமினோ அமிலங்களைக் குறிக்கின்றன, மூன்று நிறுத்தக்குறிகள். இந்த அட்டவணைப்படி ஜிஏஜி குளுட்டாமிக் அமிலம், ஜியுஜி வேலீன்.

ஆனால் தூது ஆர்.என்.ஏ.வைப் படித்துப் புரதத்தைக் கோக்கும் ரைபோசோமுக்கு இந்த அட்டவணை தெரியாது. அமினோ அமிலத்தைச் சுமந்து வருவது கடத்து ஆர்.என்.ஏ. அதன் ஒரு முனையில் மூன்று எழுத்துகள் இருக்கும், மறுமுனையில் அமினோ அமிலம் தொங்கும். ரைபோசோம் முதல் முனையை மட்டுமே சோதிக்கிறது. எப்படிச் சோதிக்கிறது என்று அணு அளவில் காட்டியவர்களில் சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன் முதன்மையானவர். இங்கிரம் வேலை செய்த ஆய்வுப் பிரிவு பின்னாளில் வளர்ந்து உருவான அதே கேம்பிரிட்ஜ் ஆய்வகத்தில்தான் அவருடைய குழுவும் இயங்கியது. பாக்டீரியா ரைபோசோமின் சிறு பகுதியின் வடிவத்தை அவர்கள் 2000-இல் வெளியிட்டார்கள். தூதின் மூவெழுத்தும் கடத்து ஆர்.என்.ஏ.வின் மூவெழுத்தும் இணையும்போது உண்டாகும் பள்ளத்துக்குள் ரைபோசோமின் மூன்று காரங்கள் வந்து படிந்து, வடிவம் சரியா என்று பார்க்கின்றன. சரியாகப் படிந்தால் வேலை தொடரும். 2009-இல் ராமகிருஷ்ணன், தாமஸ் ஸ்டைட்ஸ், அடா யோனத் மூவருக்கும் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

மறுமுனையில் தொங்குவது எது என்று ரைபோசோம் பார்ப்பதே இல்லை. 1962-இல் செய்த ஒரு சோதனையில், சிஸ்டீன் சுமந்த கடத்து ஆர்.என்.ஏ.வை எடுத்து, அதன்மேலிருந்த சிஸ்டீனை வேதிவினையால் அலனின் ஆக மாற்றிவிட்டார்கள். சிஸ்டீன் வரவேண்டிய இடத்தில் அலனினைக் கோத்துவிட்டு ரைபோசோம் தன் போக்கில் நகர்ந்தது. மறு ஆண்டே ஹீமோகுளோபினை வைத்தும் இதைச் செய்து காட்டினார்கள். எந்தக் கடத்து ஆர்.என்.ஏ.வில் எந்த அமினோ அமிலத்தை ஏற்றவேண்டும் என்பதை முன்னதாகவே வேறு நொதிகள் முடித்துவிடுகின்றன. மரபுக் குறியீட்டு அட்டவணை உடலில் எங்காவது இருக்கிறது என்றால் அந்த நொதிகளிடம்தான் இருக்கிறது.

இவ்வாறு நொடிக்கு ஐந்தாறு அமினோ அமிலம் வீதம், அரை நிமிடத்தில் ஒரு பீட்டா சங்கிலி தயாராகிவிடும். தொடக்கக்குறியான ஏடிஜி கொண்டுவந்த மெத்தியோனின் பிறகு வெட்டப்படுவதால், வாசகத்தில் ஏழாவதாக இருந்தது புரதத்தில் ஆறாவதாக நிற்கிறது. சங்கிலி மடிகிறது, இரும்பு கொண்ட ஹீமைப் பற்றிக்கொள்கிறது, இரண்டு ஆல்ஃபாவும் இரண்டு பீட்டாவும் கூடி ஹீமோகுளோபின் ஆகின்றன. ஆறாவது இடம் வெளிப்பரப்பில் இருக்கிறது. குளுட்டாமிக் அமிலம் எதிர்மின் சுமை உள்ளது, நீரை விரும்புவது. வேலீன் நீரை ஒதுக்குவது. நுரையீரலில் ஆக்சிஜனோடு இருக்கும்போது இதனால் ஒன்றும் ஆகாது. மாறிய ஹீமோகுளோபினும் ஆக்சிஜனை நன்றாகவே சுமக்கும். திசுக்களில் ஆக்சிஜனை இறக்கியதும் மூலக்கூறின் வடிவம் சற்றுத் திரும்பும். அப்போது அதன் மேற்பரப்பில் நீரை ஒதுக்கும் குழி ஒன்று திறக்கிறது. பக்கத்து மூலக்கூறின் வேலீன் அந்தக் குழிக்குள் போய்ப் பொருந்திக்கொள்கிறது.

ஒன்றின் வேலீன் அடுத்ததின் குழியில், அதன் வேலீன் அதற்கடுத்ததில் என்று நீளநீளமாக வளர்ந்து, பதினான்கு இழைகள் தென்னை நார்க் கயிறு திரிப்பதுபோல ஒன்றையொன்று முறுக்கிக்கொள்கின்றன. அந்தக் கயிறுகள் செல்லை உள்ளிருந்து நெம்பி அரிவாளாக வளைக்கின்றன. நெகிழ்ந்து நுழையவேண்டிய நுண்குழாய்களில் விறைத்த செல்கள் சிக்கி ரத்த ஓட்டத்தை அடைக்கும். வலி அங்கே பிறக்கிறது. 120 நாள் வாழவேண்டிய சிவப்பணு பத்திருபது நாளில் உடைந்துபோவதால் சோகையும் காமாலையும் வருகின்றன. பாலிமரேஸோ திருத்தும் புரதங்களோ ரைபோசோமோ ஓரிடத்திலும் தடுக்காத அந்த எழுத்து, என்ன பொருளுடையது என்பது இந்தக் கடைசிக் கட்டத்தில்தான் வெளிப்படுகிறது.

இந்த நோயுடன் பிறக்கும் குழந்தைகள் முதல் சில மாதங்கள் நலமாகவே இருப்பார்கள். கருவில் இருக்கும்போது பீட்டாவுக்குப் பதில் காமா குளோபின் என்ற வேறு புரதம் உருவாகிறது. அதன் மரபணுக்கள் அதே 11-ஆம் குரோமோசோமில், பீட்டாவுக்குப் பக்கத்திலேயே உள்ளன. பிறந்தபின் பி.சி.எல்.11.ஏ என்ற புரதம் அவற்றை அடக்கிவிடுகிறது. பீட்டா மேலெழ மேலெழ நோயும் தலைகாட்டும். இந்தியாவிலும் சவுதி அரேபியாவின் கிழக்குப் பகுதியிலும் இந்த நோயுள்ள பலருக்கு, அந்த ஓர் எழுத்தைச் சுற்றியுள்ள டி.என்.ஏ. ஆப்பிரிக்காவில் காண்பதிலிருந்து மாறுபட்டிருக்கிறது. அவர்களுக்கு வளர்ந்த பிறகும் காமா ஓரளவு உருவாகும், நோயின் கடுமை பெரும்பாலும் குறையும். ஆனால் குறைவு என்பது இல்லை என்றாகாது. நீலகிரியின் பணியர், இருளர், குறும்பர் குடியிருப்புகளில் வலியோடு வரும் பிள்ளைக்கு மருத்துவ உதவி வேண்டியிருக்கும் அவசரம் வேறெங்கும்போலத்தான்.

2023 நவம்பரில் பிரிட்டனும் அடுத்த மாதம் அமெரிக்காவும் ஒப்புதல் அளித்த காஸ்ஜெவி என்ற மரபணுத் திருத்தச் சிகிச்சை, ஜிடிஜியை ஜிஏஜி ஆக்குவதில்லை. நோயாளியின் மஜ்ஜை மூலச்செல்களை வெளியே எடுத்து, ரத்தச் செல்களில் பி.சி.எல்.11.ஏவை முடுக்கிவிடும் இடத்தை வெட்டுகிறது. காமா மறுபடி உருவாகத் தொடங்கும். காமா கலந்த ஹீமோகுளோபின் அந்தக் கயிறுகளில் சேராது. திருத்திய செல்களைத் திரும்பச் செலுத்தும் முன் பழைய மஜ்ஜையைக் கடும் மருந்தால் அழிக்கவேண்டும். அமெரிக்காவில் இதன் விலை 22 லட்சம் டாலர். சிகிச்சை பெற்றவரின் கருமுட்டையிலோ விந்தணுவிலோ எதுவும் மாறுவதில்லை. அந்த டி அடுத்த தலைமுறைக்குப் போகும் வாய்ப்பு அப்படியே இருக்கிறது.

இந்தியா 2023 ஜூலையில் தொடங்கிய தேசிய அரிவாள் செல் சோகை ஒழிப்பு இயக்கம் பழங்குடிப் பகுதிகளில் 40 வயது வரையுள்ள 7 கோடிப் பேரைப் பரிசோதிக்க இலக்கு வைத்தது. கணவன், மனைவி இருவரிடமும் தலா ஒரு மாறிய பிரதி இருந்தால், ஒவ்வொரு கர்ப்பத்திலும் குழந்தைக்கு நோய் வர நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. இதை முன்கூட்டி அறிவது அவர்கள் உரிமை. பரிசோதனையில் நோய் தெரிந்தவர்களுக்கு இன்று கைக்கெட்டும் மருந்து ஹைட்ராக்ஸியூரியா. இதுவும் காமா குளோபினைக் கூட்டுவதுதான். நாள்தோறும் வாயால் விழுங்குவது, விலையும் குறைவு. ரத்த அணுக்களின் எண்ணிக்கையை அவ்வப்போது பார்த்து அளவை மாற்றவேண்டும் என்பதால், மாத்திரையோடு ஓர் ஆய்வகமும் அந்த மலைக்கிராமத்துக்கு எட்டும் தூரத்தில் இருக்கவேண்டும்.